வீட்டுக்குள் நடந்த தூரம்

என் வலது காலில் இப்போது நான்கு விரல்கள்தான். பெருவிரல் போய்விட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிற நீங்கள் கடைசிவரைக்கும் மனம் பதைத்துக்கொண்டே இருப்பீர்கள். விரல் போனதுகூட எனக்கு அவ்வளவு பெரிய அதிர்ச்சி இல்லை. அது போகப்போகிற நாள்வரைக்கும் என் காலில் என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியவில்லை பாருங்கள், அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் நான் பிளவுஸ் தைக்கிறவள். முன்னறையில் மெஷின், அதற்குப் பக்கத்தில் அயர்ன் மேசை. அளவு கொடுக்க வருகிற பெண்கள் அளவோடு ஊர்க்கதையையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்கு முடிந்தது. மிச்சப் படிப்பெல்லாம் இவர்கள் சொன்ன சொலவடைகளில் படித்ததுதான். என் வீட்டுக்காரர் மாணிக்கம் திரீவீல், அதுதான் ஆட்டோ, ஓட்டுகிறார். பிள்ளைகள் இரண்டு பேரும் கொழும்பில் வேலை. வீட்டில் நாங்கள் இருவர்தான்.

சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய், வந்து பத்து வருடம் ஆகிறது. மாத்திரை போடுவேன், சில நாள் மறப்பேன். பாதம் இரண்டும் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கும். நாளெல்லாம் மெஷினை மிதிக்கிற கால்தானே, களைத்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் கம்பளையில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டோம். வலது கால் செருப்புக்குள் போகவே இல்லை.

“ஏங்க, இந்தச் செருப்பு சுருங்கிப்போச்சு.”

“செருப்பு எங்கயாச்சும் சுருங்குமா? காலக் காட்டு புள்ள.”

குனிந்து புறங்காலை விரலால் அழுத்தினார். அழுத்திய இடம் குழி விழுந்து அப்படியே நின்றது. கால் கொதித்தது.

“வலிக்குதா?”

“இல்லையே.”

“அப்ப ஒண்ணுமில்ல, வா.”

வலிக்கவில்லை என்றால் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, எங்கள் ஆட்களுக்கு எல்லோருக்கும் இதுதான் வைத்தியம். அவருடைய றப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, சாரியை இறக்கி மறைத்துக்கட்டிக்கொண்டு போனேன். பந்தியில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டேன். இப்போது நினைத்தால் அந்தப் பாயாசம் தொண்டைக்குள் திரும்பி வருகிற மாதிரி இருக்கிறது.

மூன்றாம் நாள் காலில் ஒரு வாடை. எனக்குத் தெரியவில்லை, அவருக்குத்தான் தெரிந்தது. ஒன்றும் பேசாமல் போய்த் திரீவீலை ஸ்டார்ட் பண்ணினார். கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர்கிறவரைக்கும் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஹயருக்கு ஆள் ஏற்றிப் போகும்போது ஓயாமல் கதைக்கிற மனிதர். அந்த மௌனத்தில்தான் எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது.

எக்ஸ்ரே அறையில் இருந்தவர் படத்தை எடுத்தார், பார்த்தார், திரும்பி வந்தார். பஞ்சை நனைத்து என் உள்ளங்காலை அழுத்தித் துடைத்தார்.

“அம்மே, காலில என்னமோ ஒட்டியிருக்கு” என்றார், சிங்களம் கலந்த தமிழில்.

மறுபடி எடுத்தார். ஒட்டியிருந்தது துடைத்தும் போகவில்லை. பிறகு டொக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சாம்பல் நிறத்தில் என் கால் எலும்புகள். பெருவிரல் அடியில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு, நேராக, ஒரு நுனி கூராக. டொக்டர் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. எந்தப் பொருளை வாழ்நாள் முழுக்க விரலிடுக்கில் பிடித்திருக்கிறேனோ அதை எனக்குத் தெரியாதா? மெஷின் ஊசி. பாதியில் முறிந்த மெஷின் ஊசி.

“கவதாத அம்மே?” என்று கேட்டார். எப்போது குத்தியது என்று.

எனக்குத் தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். சுள்ளென்று ஏறியிருக்க வேண்டிய ஊசி எனக்குள்ளே எத்தனை நாள், எத்தனை கிழமை இருந்தது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அதோடு மெஷினை மிதித்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் போய் வந்திருக்கிறேன்.

அடுத்து ஒரு நர்ஸ் மிஸ்ஸி வந்தார். தூண்டில் நூல் மாதிரி ஒரு நைலோன் இழை அவர் கையில் இருந்தது.

“கண்ண மூடிக்கங்க அம்மா. நான் தொடும்போதெல்லாம் ‘ம்’ சொல்லுங்க.”

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். காத்திருந்தேன். ஏன் இன்னும் தொடங்கவில்லை, ஆளை யாரும் கூப்பிட்டுவிட்டார்களோ என்று கண்ணைத் திறந்தேன். மிஸ்ஸி இழையைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுதும்மா. பத்து இடத்துல தொட்டேன்.”

நான் ஒரு ‘ம்’கூடச் சொல்லவில்லை.

சீனி ரத்தத்தில் கூடிக்கூடி நரம்பின் நுனிகளைச் சாகடிக்கிறதாம். தலையிலிருந்து அதிக தூரத்தில் இருக்கிற நரம்பு முதலில் சாகும். அது பாதம். வலி என்பது தொந்தரவு என்றுதானே நினைத்திருந்தேன். அது வீட்டு வாசலில் குரைக்கிற நாய் மாதிரியாம். என் வாசலில் நாய் எப்போதோ செத்துப்போயிருக்கிறது. நானோ, வீடு அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

சீழ் எலும்புக்குள் போய்விட்டது. பெருவிரலை எடுத்தார்கள்.

வார்டில் பதினாறு நாள் கிடந்தேன். பார்வையாளர் நேரம் ஒன்றைக்கூட வீட்டுக்காரர் தவறவிடவில்லை. சோற்றுப் பார்சலோடு வருவார். என் வாடிக்கையாளர்களுக்கு அவரே பதில் சொல்லிச் சமாளித்தார். ஒரு பெண்ணிடம் அளவுகூட எடுத்து எழுதி வந்திருந்தார். “கை: ஏறக்குறைய போன தடவை மாதிரி.” அந்தத் துண்டைப் பார்த்துச் சிரித்ததில் தையல் விட்டுப்போகும் என்று மிஸ்ஸி ஏசினார்.

“தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சுன்னு நெனச்சுக்க புள்ள” என்பார் வீட்டுக்காரர் என்னிடம். பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா இருந்தார். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். “காலு இருந்தா காடு மேடு, காலு போனா கட்டிலே வீடு. எனக்கும் மொதல்ல ஒரு விரலுதான் எடுத்தாங்க தங்கச்சி.”

அந்தக் கடைசி வாக்கியத்தை வீட்டுக்காரரிடம் நான் சொல்லவில்லை.

காயம் ஆறியதும் ஆஸ்பத்திரியிலேயே ஷூ செய்கிற சப்பாத்துப் பகுதிக்கு அனுப்பினார்கள். காலுக்கேற்ற தாங்கி, விசேஷச் சப்பாத்து எல்லாம் அங்கேதான் செய்கிறார்கள். அங்கே இருந்த சுகந்தி மிஸ் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். என் காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, இவர் என் இனம், அளவெடுக்கிற இனம்.

மை பூசிய ஒரு றப்பர் விரிப்பின் மேல் காகிதத்தைப் போட்டு அதன்மேல் நடக்கச் சொன்னார். பாரம் அதிகம் விழுகிற இடத்தில் மை கறுப்பாக ஒட்டும், குறைந்த இடத்தில் வெளிறி இருக்கும். இடது பாதம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிச் சாம்பல். வலது பாதத்தில் இரண்டாம் விரலின் அடியில் ஒரு புள்ளி மட்டும் கரியாக இருந்தது.

“பாருங்கோ அம்மா. நடக்கேக்க முதல்ல குதிகால் இறங்கும். பிறகு பாரம் முன்னுக்கு உருண்டு வரும். கடைசியாப் பெருவிரலை ஊண்டித்தான் நிலத்தைத் தள்ளுறம். உங்களுக்கு அந்த விரல் இல்லை. அப்ப அந்த வேலையை ஆர் செய்யிறது?”

“பக்கத்து விரலு.”

“ஓம். பாவம், அதுக்கு அந்தப் பலம் இல்லை. அந்த எலும்பு ஒவ்வொரு அடிக்கும் தோலை உள்ளுக்கிருந்து குத்தும். உங்களுக்கு வலியும் தெரியாது.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிளவுஸில் கமக்கட்டு, அக்குள் பக்கம் பிடிப்பாக இருந்தால் கிழிவது அங்கே இல்லை. கையைத் தூக்கத் தூக்க முதுகுத் தையல்தான் விட்டுப்போகும். இழுப்பது ஒரு இடம், கிழிவது இன்னொரு இடம். இதைச் சொன்னதும் சுகந்தி மிஸ் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். “இதை நான் இனி மற்ற ஆக்களுக்கும் சொல்லப்போறன்.”

ஈர மாப் போல அமுங்குகிற ஒரு பெட்டிக்குள் காலை வைத்து அச்செடுத்தார். மூன்று கிழமையில் சப்பாத்து வந்தது. கறுப்பு நிறம், அகலமான வாய், உள்ளே கை விட்டுத் தடவிப் பார்த்தேன், ஒரு தையல் மடிப்புக்கூட விரலில் தட்டவில்லை. அப்பேர்ப்பட்ட வேலை. அடியட்டை படகின் அடி மாதிரி வளைந்திருந்தது, கால் மடங்காமலே முன்னே உருண்டு போவதற்காக. உள்ளே மெத்தென்ற தாங்கி. அந்த இரண்டாம் எலும்பு உட்காருகிற இடத்தில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம், அங்கே பாரம் விழாமல் இருக்க. விரல் போன இடத்தை நிரப்ப ஒரு பஞ்சடைப்பு. போட்டு நடந்தேன். ஆடவில்லை, சரியவில்லை.

“எப்பவும் போடுங்கோ” என்றார் சுகந்தி மிஸ்.

எப்போதும் போட்டேன். கிளினிக்குக்குப் போட்டேன், சந்தைக்குப் போட்டேன், பொங்கலுக்குக் கோயில் வாசல்வரைக்கும் போட்டேன். வந்ததும் கழற்றித் துடைத்து வாசல் தட்டில் வைத்து, மழைச்சாரல் படாமல் பொலித்தீன் பையால் மூடிவைப்பேன். இவ்வளவு பத்திரமாக என் கல்யாணச் சேலையைக்கூட நான் வைத்திருந்ததில்லை.

மூன்றாம் மாதம் கிளினிக்கில் காலைக் காட்டினேன். டொக்டர் இரண்டாம் விரலின் அடியில் இருந்த காய்ப்பைச் சுரண்டினார். தோல் பெயர்ந்தது. அடியில் ஒரு குழி. சிவப்பாக, ஈரமாக, ஒரு சட்டைப் பொத்தான் அளவு.

நான் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

“சப்பாத்து போடுறதில்லையா அம்மே?”

“போடுறேன் சேர். சத்தியமா போடுறேன்.”

டொக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். தன் கையை என் முழங்காலுக்குக் கீழே குறுக்காக வைத்துக் காட்டினார். “இது எலும்புக்குப் போனா, அடுத்தது இங்க.” அவ்வளவுதான் சொன்னார்.

சுகந்தி மிஸ்ஸிடம் போகும்போது நான் அழுதுகொண்டே போனேன். வீட்டுக்காரர் சப்பாத்துப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். மிஸ் சப்பாத்தை வாங்கிக் கவிழ்த்தார். அடியட்டையைப் பார்த்தார். உள்ளே இருந்த தாங்கியை இழுத்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“அம்மா, இது நடந்த சப்பாத்து இல்லை.”

“வெளிய போறப்ப எல்லாம் போட்டேன் மிஸ். கோயில் வாசல்வரைக்கும் போட்டேன். இவர கேளுங்க.”

“கிழமைக்கு எத்தினை தரம் வெளிய போவியள்?”

“ஒரு தடவ. சில கிழம அதுவுமில்ல.”

“மிச்ச நேரம்?”

“வீட்டுலதான்.”

“வீட்டுக்குள்ள என்ன போடுவியள்?”

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. வீட்டுக்குள் என்ன போடுவது? “வெறுங்கால்தான் மிஸ். வீட்டுக்குள்ள யாராச்சும் சப்பாத்து போடுவாங்களா?”

சுகந்தி மிஸ் அப்படியே கதிரையில் உட்கார்ந்தார். தாங்கியை மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: “என்ர பிழை அம்மா. எப்பவும் எண்டு சொன்னன். வீட்டுக்குள்ளயும் எண்டு சொல்லேல்லை. எங்கட வீட்டிலயும் வாசல்ல கழட்டிப்போட்டுத்தானே உள்ள போறம். எனக்கே அது தோன்றேல்லை.”

“நா எங்கயும் போறதில்லையே மிஸ். வீட்டுக்குள்ளதான இருக்கேன்.”

“அதுதான் அம்மா. வீட்டுக்குள்ள எவ்வளவு நடக்கிறியள் எண்டு ஒருநாள் எண்ணிப் பாருங்கோ.”

எண்ணினோம். அதாவது வீட்டுக்காரர் எண்ணினார். ஒருநாள் ஹயரை விட்டுவிட்டு, கொப்பியும் பென்சிலுமாக முன்னறையில் உட்கார்ந்தார். மெஷினிலிருந்து அயர்ன் மேசைக்கு எட்டு அடி. அங்கிருந்து கண்ணாடிக்கு ஆறு. ஆள் வந்தால் வாசலுக்குப் பத்து. அடுப்படிக் குசினிக்குப் பதினாலு, தண்ணீர்க் குழாய்க்கு இன்னும் இருபது. ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு கிழித்தார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது.

“என்னாங்க, களவெடுத்தவள பொலிஸ் பாக்கிற மாதிரி பாக்கிறீங்க.”

“நீ நட. நான் என் வேலைய பாக்கிறேன்.”

சாயந்தரம் விளக்கு வைக்கிற நேரத்தில் கூட்டிப் பெருக்கினார். ஒருமுறைக்கு இரண்டுமுறை பெருக்கினார். பிறகு தலையைச் சொறிந்தார்.

“புள்ள, நீ இன்னிக்கு ரெண்டு மூணு கிலோமீட்டர், இங்கயிருந்து பேராதனப் பக்கம் பாதி வழி போயிருக்க. மீட்டர் போட்டிருந்தா நான் பணக்காரன்.”

நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. எங்கேயும் போகாதவள் என்று என்னை நானே சொல்லிக்கொண்டிருந்தேனே, தினமும் அவ்வளவு தூரம், வெறுங்காலில், செத்த நரம்போடு, பளிங்கு மாதிரி தேய்த்த டைல்ஸ் தரையில் அந்த ஒரு எலும்பை ஊன்றி ஊன்றிப் போயிருக்கிறேன். சப்பாத்து வாசலில் பொலித்தீனுக்குள் படுத்திருந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் உள்ளங்காலும் தெரியாது என்று ஒருத்தரும் சொல்லித் தரவில்லையே.

காலுக்கு முழங்கால்வரை பிளாஸ்டர் கட்டுப் போட்டார்கள். பாரத்தைக் கால் முழுக்கப் பிரித்துக்கொடுக்கிற கட்டு அது. கிழமைக்கொரு தடவை மாற்றினார்கள். ஏழு கிழமையில் குழி மூடியது. இதற்குள் சுகந்தி மிஸ் இரண்டாவதாக ஒரு சோடி செய்து வைத்திருந்தார். அதே அச்சு, அதே தாங்கி, வீட்டுக்கென்று மட்டும்.

“இது தெருமண் படாத சோடி அம்மா. கட்டிலால இறங்கேக்க போடுங்கோ, கட்டிலுக்கு ஏறேக்க கழட்டுங்கோ.”

முதல்நாள் குசினிக்குள் அதைப் போட்டு நடந்தபோது, யாரோ என்னை வேவு பார்ப்பதுபோல் இருந்தது. சாமியறை வாசலில் நின்றுவிட்டேன். இருபத்தெட்டு வருடமாக நான் விளக்கேற்றுகிற இடம். வீட்டுக்குள் செருப்போடு வந்த எத்தனை பேரை இதே வாயால் ஏசியிருக்கிறேன். ஐந்து அடி உள்ளே போகவேண்டும். கழற்றினால் ஐந்து அடிதானே, என்ன ஆகப்போகிறது என்று ஒரு மனம். டொக்டர் கை வைத்துக் காட்டிய இடம் முழங்காலுக்குக் கீழே குறுகுறுத்தது. சப்பாத்தோடு உள்ளே போனேன். விளக்கேற்றினேன். இரண்டு குச்சி அணைந்தது. மூன்றாவது பற்றிக்கொண்டது.

அன்றிலிருந்து தினமும் காலையில் வீட்டுக்காரர் தன் சவரக் கண்ணாடியை என் உள்ளங்காலுக்கு நேரே பிடிப்பார். சப்பாத்துக்குள் கையை விட்டு நூல், குண்டூசி, கல் ஏதும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் எனக்குத் தருவார். “சரி, ஏறு” என்பார், திரீவீலில் ஆள் ஏற்றுகிற மாதிரி.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை என் நாத்தனார் வந்தார். வீட்டுக்காரரின் அக்கா, தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறவர். கொழுந்தெடுத்தே வாழ்ந்த மனுசி. அறுபது தாண்டியும் மலையில் என்னைவிட வேகமாக ஏறுவார். எனக்கு முன்னாலேயே அவருக்குச் சீனி வருத்தம் வந்துவிட்டது. கேட்டால், “மாத்திர போடுறேன், அது பாட்டுக்கு இருக்கு” என்பார்.

வெளிக்குழாயில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவர், என் காலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“என்னாடி இது?”

“சப்பாத்து மதினி. ஆஸ்பத்திரில குடுத்தது.”

“அது தெரியுது. வீட்டுக்குள்ள என்னா?”

“டொக்டர் சொன்னாங்க மதினி. வெறுங்கால்ல நடந்தா...”

“டொக்டருக்கு என்னா தெரியும்? இந்த வீட்டுல லெச்சுமி தங்குமா? வெள்ளிக்கெழம அதுவுமா, சாமியறைக்கும் இதோடதான் போறியா?”

வீட்டுக்காரர்தான் சொன்னார். “போறா அக்கா. நான்தான் போட்டுவிடுறேன்.”

“ஒனக்கு வெக்கமா இல்ல? பொண்டாட்டி காலுக்கு சப்பாத்து போட்டுவிடுறியா? நான் அறுவது வருசமா மலையில வெறுங்கால்ல ஏறி எறங்குறேன். எனக்கு என்னா வந்துச்சு? சொல்லு, எனக்கு என்னா வந்துச்சு?”

கேட்டுக்கொண்டே எனக்கு முன்னால் நடந்து சாமியறைக்குப் போனார். நிமிர்ந்த நடை. வேண்டுமென்றே காலை அழுத்தி ஊன்றினார், வெறுங்கால் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று எனக்குக் காட்டுகிற மாதிரி. கும்பிட்டார். திருநீறு பூசினார். திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்து மறுபடி ஏசத் தொடங்கினார்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளை டைல்ஸில் ஈரக் கால்தடங்கள், வாசலிலிருந்து சாமியறைக்கு, சாமியறையிலிருந்து கதிரைக்கு. இடது தடம் வெறும் தண்ணீர். வலது தடம் ஒவ்வொன்றிலும் குதிகால் இருக்கிற இடத்தில் சிவப்பு.

“மதினி” என்றேன். “கால்ல ஏதாச்சும் குத்துச்சா?”

“எனக்கா? ஒண்ணுமில்லையே. ஏன்?”

நான் தரையைக் கையால் காட்டினேன். பேச்சை நிறுத்திவிட்டு மதினி குனிந்து பார்த்தார். வாசலிலிருந்து தன் கதிரைவரைக்கும் வந்திருந்த அந்தத் தடங்களை, ஒவ்வொன்றாக, நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு நிமிர்ந்து எங்கள் இருவரிடமும் கேட்டார்:

“இது யாரு காலு?”